கொய்யாக் கிளையில் வெள்ளை நுரை, தட்டிவிடலாமா?

கொழுந்துக்கூடை:
அண்ணமாரே, அக்காமாரே, ஒரு விஷயம் கேட்க வேண்டும். நாங்கள் புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற அப்பா வெட்டிய குட்டை ஒன்று உண்டு, பீலியில் வழிகிற தண்ணீர்தான் அதில் வந்து நிற்கும். நேற்று விடியப் பார்த்தால், குட்டைக்கு மேலே சாய்ந்திருக்கும் கொய்யாக் கிளையில் கைப்பிடி அளவு வெள்ளை நுரை, சவர்க்கார நுரை மாதிரியே, இரண்டு மூன்று இலையைச் சேர்த்து ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. பாம்பு கக்கியது, தடியால் தட்டிவிடு என்கிறார் அம்மா. அதோடு, குட்டையால் டெங்கு வரும், மூடு, இல்லாவிட்டால் கழிவு எண்ணெய் ஊற்று என்று பக்கத்து வீட்டிலும் பேச்சு. தும்பி பறக்கிறது, மடையான் ஒன்று தினமும் வந்து நிற்கிறது, எனக்கு மூட மனமே வரவில்லை. என்ன செய்ய?

பீலிக்கரை:
தட்டிவிடாதீர்கள் தங்கச்சி! பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை, அது மரத்தவளை கட்டிய கூடு. உங்கள் ஊர் இருக்கும் மலை உயரத்தில் என்றால் பெரும்பாலும் முதுகில் உடுக்கை மாதிரி கறுப்பு அடையாளம் உள்ள தவளையாக இருக்கும், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். பெண் தவளை முட்டையோடு வருகிற பசையைப் பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கும், முட்டையெல்லாம் அதற்குள்தான். வெளிப்பக்கம் காய்ந்து பழுப்பாகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு வாரம் போல ஆனதும் வாற்பேய்கள், அதாவது வாலோடு நீந்தும் தவளைக் குஞ்சுகள், நுரையைக் கரைத்துக்கொண்டு கீழே தண்ணீரில் விழும். அதனால்தான் சரியாகக் குட்டைக்கு மேலே கட்டியிருக்கிறது. இப்போது குட்டையை மூடினால் அத்தனையும் தரையில் விழுந்து சாகும்.

டெங்கு பயம் என்றால் நாலு கப்பி மீன் வாங்கி விடுங்கள், நுளம்புக் குடம்பியைத் தின்றுவிடும்.

நானுஓயா வாத்தி:
அண்ணன் சொன்ன எல்லாம் சரி, கப்பி மட்டும் வேண்டாம். அது நுளம்புக் குடம்பியோடு நிற்காது, அப்போதுதான் விழுந்த பிஞ்சு வாற்பேய்களையும் கொத்தும். நம் நாட்டு மீனும் இல்லை, மழை பெருகினால் ஓடைக்குப் போய்விடும். நுளம்பைத் தின்ன ஆள் ஏற்கெனவே அந்தக் குட்டையில் இருக்கிறது. தும்பி பறக்கிறது என்றீர்களே, அதன் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும். ஒரு தடவை பிள்ளைகளுக்குக் காட்ட ஜாம் போத்தலில் ஒன்றைப் பிடித்து வைத்தேன். அடியில் சேறு நிறத்தில் அசையாமல் கிடந்தது, குடம்பி ஒன்று பக்கத்தில் நெளிந்ததும் முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த உதடு கை மாதிரி நீண்டு லபக்கென்று பிடித்தது. பிள்ளைகள் கத்திய கத்தில் அடுத்த வகுப்பும் ஓடி வந்தது. (அது வாற்பேயையும் தின்னும்தான், ஆனால் இரண்டும் காலகாலமாகச் சேர்ந்தே வாழ்கின்றன.)

டெங்கு நுளம்பு அதிகம் முட்டையிடுவது டயர், சிரட்டை, பூச்சட்டித் தட்டு, மூடாத பீப்பா, இப்படித் தண்ணீர் தேங்கும் பொருட்களில். லயத்தைச் சுற்றி முதலில் அதைத் துப்புரவு செய்யுங்கள். கழிவு எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், நீர்மேல் ஓடுகிற பூச்சி முதல் தவளை வரை எல்லாம் போய்விடும், அந்தத் தண்ணீரைத்தானே பாத்திக்கும் ஊற்றுகிறீர்கள். பாத்திக்கு மருந்து அடித்தால் பம்பைக் குட்டையில் கழுவவும் வேண்டாம்.

இன்னொன்று, எல்லாத் தவளையும் இப்படி நுரை கட்டுவதில்லை. நம் மலைக்காட்டில் சின்னப் புதர்த்தவளைகள் பல உண்டு, அவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

கொழுந்துக்கூடை:
ரொம்ப நன்றி அண்ணன், நன்றி சேர். தட்டவில்லை, மூடவும் இல்லை. டயர் இரண்டு கிடந்தது, அப்பா அன்றைக்கே எடுத்துப் போட்டுவிட்டார். ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் நுரையின் அடிப்பக்கம் கரைந்து தொங்குகிறது, கீழே தண்ணீரில் கடுகு சிந்தியது மாதிரி கறுப்புக் கறுப்பாக வாலாட்டிக்கொண்டு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். சேர், இதுகளுக்குச் சாப்பிட ஏதாவது போட வேண்டுமா?

நானுஓயா வாத்தி:
ஒன்றும் வேண்டாம் மகள். பாசியும் உக்கின இலையுமே போதும், சோறு போட்டால் தண்ணீர் நாறிவிடும்.