படகு கரையில் நிற்கும் நாட்கள்

மண்டபம் பக்கமிருந்து ஒருவர்:
குடிச்சிட்டு அடிக்கிற அப்பாகிட்ட வளர்ந்தவங்க, பெரியவங்களான பிறகும் விடாத பயத்தை எப்படிச் சமாளிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. பாக் நீரிணையில விசைப்படகுக்கு வாரத்துல 3 நாள்தான் கடல். குடிக்கிற அப்பா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு உடம்புலயே ஊறிரும். அவர் கடலுக்குப் போன ராத்திரி தூக்கம், கரையில நிக்கிற ராத்திரி வாசல்லயே காது. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்னா கேட்கவே வேண்டாம். வளர்ந்து திருப்பூர்ல வேலை பார்க்கிறவங்களுக்கும் சித்திரை பிறந்தா வயித்தைக் கலக்கும், எதுக்குன்னே தெரியாம எரிஞ்சு விழுவாங்க. பைத்தியம் இல்லைங்க, பழைய காவல்.

அப்படிப்பட்டவங்களை மூணு வாரம் ஒரு நோட்டுல குறிக்கச் சொல்லுங்க: தேதி, எந்தச் சத்தம், உடம்புல எங்கே இறுக்குச்சு. பெரும்பாலும் பைக் நிக்கிற சத்தம், கதவுத் தாழ்ப்பாள்னு சின்ன விஷயமாத்தான் இருக்கும். படபடப்பு வந்தா பலர் மூச்சை இழுத்து இழுத்து விடுவாங்க, தலை சுத்தும். உள்ளே 4 எண்ணிக்கை, வெளியே 6. அஞ்சு நிமிஷம். வெளியே விடுறது நீளமா இருந்தாத்தான் துடிப்பு இறங்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பதில்:
ஊருக்குப் போறதைப் பத்தி ஒண்ணு. டாஸ்மாக் திறக்கிறது பகல் 12 மணி. காலையில போய் அம்மாவோட சாப்பிட்டுட்டு, பொழுது சாயுறதுக்குள்ள கிளம்பிருங்க. திரும்புற பஸ்ஸை முன்னாடியே முடிவு பண்ணணும். அங்க போய் யோசிச்சா "இன்னொரு நாள் இருந்துட்டுப் போயேன்"ல மாட்டிக்குவீங்க. பணம் கொடுக்கிறதா இருந்தா அம்மா பேர்ல இருக்கிற கணக்குல போடுங்க, கையில வேண்டாம். "பெத்தவர்தானே, மன்னிச்சிரு"ன்னு சொந்தக்காரங்க அவசரப்படுத்துவாங்க. மன்னிக்கிறதுக்குக் கெடு கிடையாது. அடி இன்னும் நிக்காத வீட்டுல அந்தப் பேச்சே தப்பு.

கீழக்கரைப் பக்கமிருந்து:
மனசுல கிடக்கிறதை எழுதிப் பார்க்கிறதும் உதவும். 1980கள்ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் சோதிச்ச முறை: ஒரு நாளைக்கு 15–20 நிமிஷம், தொடர்ந்து 3, 4 நாள். எழுதி முடிச்சதும் மனசு கொஞ்ச நேரம் கனக்கும், அது வழக்கம். ஆனா ரொம்ப மோசமான சம்பவத்தை முதல் நாளே தொடாதீங்க, படுக்கப் போறப்பவும் வேண்டாம். மறுநாளும் நடுக்கம் விடலேன்னா நிறுத்திட்டு ஆள்கிட்ட பேசுங்க.

நம்ம பக்கத்துல டாக்டர்னு சொன்னாலே "ஏர்வாடிக்கா?"ன்னு கேப்பாங்க. அங்க மனநோயாளிகளை வச்சிருந்த காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6 பிடிச்ச தீயில சங்கிலியோட கருகின 28 பேரை யாரும் மறக்கலை. இப்ப மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017ன்படி சங்கிலி போடுறதே குற்றம். 14416 டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழ்ல பேசலாம். 18 வயசுக்குள்ளன்னா குழந்தைகள் உதவி எண் 1098. முதல் தடவையே எல்லாத்தையும் கொட்டணும்னு இல்லை. "விவரம் அப்புறம் சொல்றேன், இப்ப தூக்கம்தான் பிரச்சினை"ன்னாலே ஆரம்பிச்சிருவாங்க. வீட்டுல பேச முடியாதுன்னு கடற்கரைக்குப் போய் நிக்காதீங்க. காத்துல போனோட அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்காது.