அழுதான், குரல் வரவில்லை

மோல்மேன் மருமகள்:
என் நாத்தனார் மகனுக்கு மூன்றாவது மாதம். தாய்ப்பால் மட்டும்தான். இரண்டு நாளாகக் கக்கிக்கொண்டே இருந்தான். அன்று விடியற்காலையில் வாயை அகலத் திறந்து, முகம் சிவக்க அழுகிறான், சத்தமே இல்லை. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வருகிறது. "சளி கட்டியிருக்கும்" என்றார் மாமியார். மருத்துவமனை வாசலில் உதடு நீலம் பாரித்துவிட்டது. வயதான மருத்துவர் முதலில் கேட்டது தாயைப் பற்றித்தான்: "என்ன சாப்பிடுகிறாய்?" பத்தியம், சோறு, உப்பு, சுட்ட கருவாடு. உடனே பி1 (தயமின்) என்ற வைட்டமின் ஊசி போட்டார். பிற்பகலில் மூச்சு சீராகி மார்பைத் தேடினான். குரல் திரும்பத்தான் பல நாள் ஆயிற்று. அந்தச் சத்தமில்லாத வாய் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பெகு தம்பி:
அக்கா, எல்லாவற்றுக்கும் பத்தியத்தின் மேல் பழி போடாதீர்கள். என் மனைவியும் பத்தியம் இருந்தவள்தான். எங்கள் மகளுக்கு மூச்சு வாங்கியபோது அது நிமோனியா. நிமிடத்துக்கு 60க்கு மேல் போனது, விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

மோல்மேன் மருமகள்:
உங்கள் வீட்டில் பூண்டும் பயறும் கொடுத்திருப்பார்கள். இவளுக்கு அதையும் "ஆகாது" என்று தடுத்துவிட்டார்கள், தம்பி.

ரங்கூன் தாதி (ஓய்வு):
இருவர் சொல்வதும் சரி, அதுதான் ஆபத்து. தாய்ப்பாலில் பி1 குறைந்தால் பிள்ளைக்கு வரும் பெரிபெரி நோய், நிமோனியாவைப் போலவே வரும். நிமோனியா மருந்தை மட்டும் கொடுத்துக் காத்திருந்து, இரவுக்குள் இதயம் நின்றுபோன ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே குரல் கம்மினால், கக்கினால், பி1 போடலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த ஊசியால் கேடு மிக அரிது.

பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டிய பச்சரிசியைப் பல தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டுப் போடாதீர்கள். இருக்கிற சத்தும் அதோடு போய்விடும். புழுங்கலரிசிக்காக நெல்லை அவிக்கும்போது பி1 அரிசிக்குள் இறங்குகிறது. நூறாண்டுக்கு முன் மலாயாவில் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட நம் தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். நம் பாட்டிமார் சோற்றை நாமே கைவிட்டது எனக்குத் தாங்கவில்லை. பயறு, கடலை கொடுங்கள்; பன்றி இறைச்சி உண்பவர்களானால் அதுவும் நல்லது. தேநீரையும் வெற்றிலைபாக்கையும் குறைக்கச் சொல்லுங்கள்.

மோல்மேன் அம்மா, உங்கள் நாத்தனாருக்கும் பி1 மாத்திரை கொடுத்தார்களா? பிள்ளைக்கு மட்டும் ஊசி போட்டால் பால் பழைய பால்தான்.