காணும் பொங்கலுக்கு வண்டலூர் பூங்காவில் தன்னார்வலர் வேலை: போகலாமா?

செங்கை_மாணவி:
செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பொங்கல் லீவில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத் தன்னார்வலராக வர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று என்.எஸ்.எஸ். சார் கேட்டார், நானும் தோழிகளும் கொடுத்துவிட்டோம். வீட்டில் அம்மா, "நல்ல நாளும் அதுவுமா புலிக்கூண்டுக்குக் காவல் இருக்கப் போறியா" என்று ஒரே பேச்சு. உண்மையில் அங்கே என்ன வேலை கொடுப்பார்கள்? விலங்குகளுக்குத் தீனி வைப்பது, பராமரிப்பாளர்களோடு உள்ளே போவது எல்லாம் கிடைக்குமா, இல்லை கயிறு பிடித்து ஆட்களை வரிசையில் நிறுத்துவதுதானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரத்துக்காரன்:
கயிறு பிடிக்கிற வேலைதான் தங்கச்சி, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கல்லூரி நாட்களில் பொங்கலுக்குப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், தீனி அறைக்கோ கூண்டின் பின்பக்கத்துக்கோ நம்மை விட மாட்டார்கள். விடவும் கூடாது, நம்மிடமிருந்து விலங்குகளுக்கு நோய் தொற்றலாம். 2021-இல் இதே பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து நீலா என்ற பெண் சிங்கம் செத்துப்போனது நினைவிருக்கும்.

பெரும்பாலும் ஏதாவது ஒரு அடைப்புக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். எனக்கு முதலை கிடைத்தது. அது வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது உயிரோடு இருக்கிறதா பொம்மையா என்று சந்தேகம், சந்தேகம் தீர ஒரு கல். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று அந்த ஆளிடம் சொன்னால் முறைப்பார், கூட வந்திருக்கும் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள், அப்பா கையிலிருக்கும் கல் தானாகக் கீழே விழும். விலங்குகளைச் சீண்டுவதும் அவற்றுக்குத் தீனி போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான், ஆனால் அன்றைய கூட்டத்தில் சட்டம் பேசினால் சண்டைதான் வரும். மிஞ்சினால் வனக்காவலரைக் கூப்பிடுங்கள்.

வெள்ளைப் புலிப் பக்கம் போட்டால் தயாராகப் போங்கள். இது பனிப் பிரதேசத்துப் புலியா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நம்மூர் வங்கப் புலிதான், தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் ஒரே ஒடுங்கிய மரபணு (ஒன்று மட்டும் வந்தால் வெளியே தெரியாதது) சேர்ந்தால் அந்த நிறம். 1951-இல் மத்தியப் பிரதேசத்து ரீவா காட்டில் பிடித்த மோகன் என்ற குட்டியின் வழியில்தான் பூங்காக்களில் இருப்பவை பெரும்பாலும் வந்தன என்று சொல்லிப் பாருங்கள், நின்று கேட்பார்கள்.

அப்புறம், குழந்தைகள் தொலைவது. அப்பா பேர் என்ன என்று கேட்டால் "அப்பா" என்றுதான் பதில் வரும். யார் யாரோடு வந்தாய், அம்மா என்ன கலர் புடவை என்று கேளுங்கள். கையை விடாமல் உதவி மையத்துக்குக் கூட்டிப் போங்கள், நீங்களே தேடி அலைய வேண்டாம்.

வேப்பேரி_கால்நடை:
மான் அடைப்புப் பக்கம் நிற்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், பொங்கல் சமயத்தில் முக்கியமான இடம் அதுதான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்த கால்நடை மருத்துவமனைக்கும் போய்ப் பாருங்கள், வயிறு உப்பி, தீனி எடுக்காமல், அசை போடாமல் மாடுகள் நிற்கும். அன்போடு ஊட்டிய சர்க்கரைப் பொங்கல்தான் காரணம். அசை போடும் விலங்கின் முதல் வயிற்றில் நார்த் தீனியைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அங்கே திடீரென்று சோறும் வெல்லமும் நிறையப் போனால் அமிலம் ஏறிவிடும். எங்கள் பாடத்தில் அசிடோசிஸ் என்போம். மானும் அசை போடும் விலங்குதான். மாட்டுக்காவது பிடித்துக் கட்டி சோடா உப்புக் கரைத்து ஊற்றலாம், புள்ளிமானைப் பிடிக்கிற பதற்றத்திலேயே அது செத்துப்போகக் கூடும். பிரசாதம்தானே, வாழைப்பழத்தோல்தானே என்று வேலிக்கு மேல் நீட்டுவார்கள். சாப்பாட்டோடு பிளாஸ்டிக் கவரும் உள்ளே விழுந்தால் இன்னும் மோசம், அது வயிற்றை விட்டு வெளியே வராது.

மேற்படிப்புக்கு இந்தச் சான்றிதழ் பெரிதாக உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு விலங்கையே பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்? கூட்டம் ஏற ஏற அது எந்த மூலைக்கு ஒதுங்குகிறது, எப்போது நடையாய் நடக்கிறது என்று ஒரு நோட்டில் நேரம் போட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் பேராசிரியரிடம் காட்ட சான்றிதழைவிட அது மேல்.

ஏரிக்கரையான்:
எனக்கு இதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. கூட்டத்தைச் சமாளிக்கச் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டிய இடத்தில் மாணவர்களைச் சும்மா நிறுத்துகிறார்கள். விலங்கியல் படிக்கிற பிள்ளை அதே லீவில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம், 2015-லிருந்து நடக்கிறது. ஊர் ஏரியிலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். காசும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். சரி, வண்டலூர்தான் போவேன் என்றால் பூங்காவுக்குள்ளேயே ஓட்டேரி ஏரி இருக்கிறது, கூட்டம் சேருவதற்கு முன் காலையிலேயே எட்டிப் பாருங்கள். நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் எல்லாம் ஜனவரியில் பார்க்கலாம்.

செங்கை_மாணவி:
எல்லாருக்கும் நன்றி. மான் பக்கம் கேட்டுப் பார்க்கிறேன், பறவைக் கணக்கெடுப்பு பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சாயங்காலம் திரும்பி வருவது எப்படி? அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

தாம்பரத்துக்காரன்:
ரயில்தான். மூடும் நேரத்தில் ஜிஎஸ்டி சாலையில் பஸ் நகராது. வண்டலூர் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயில் இருக்கிறது, தோழிகள் எல்லாரும் சேர்ந்தே கிளம்புங்கள், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று என்.எஸ்.எஸ். சாரிடம் முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தேய்ந்த செருப்போடு வந்துவிடாதீர்கள், உள்ளே நடக்க நடக்க வந்துகொண்டே இருக்கும். டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள், வெளியே சுற்றுகிற குரங்குகளுக்கு டப்பா சத்தம் நன்றாகத் தெரியும். அம்மாவிடம் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் வீட்டில் இருந்துவிட்டுக் காணும் பொங்கல் ஒரு நாளைக்கு மட்டும் போகிறேன் என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்றுவிடுவார்.