மடக்குக்கத்திக்கு எந்தக் கல், எத்தனை டிகிரி?

மாந்தோப்பு:
என்னிடம் இருப்பது ஒப்பினெல் 8ஆம் எண் மடக்குக்கத்தி, துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. ஆறு வருடமாகத் தோட்டத்தில் கயிறு அறுப்பதும் சாக்குப் பிரிப்பதும் அதனால்தான். போன மாதம் ஒரு பட்டறையில் மோட்டார் சாணைக்குக் கொடுத்தேன். நுனியில் அரை அங்குலம் நீலம் பாய்ந்து திரும்பி வந்தது. ஒரு வாரம்கூடக் கூர் நிற்கவில்லை. இனி நானே தீட்டிக்கொள்ளப் போகிறேன். எந்தக் கல் வாங்கட்டும்? 15 டிகிரியா, 20 டிகிரியா? கையில் அந்தக் கோணத்தை எப்படிப் பிடிப்பது?

தச்சுப்பட்டறை:
படிக்கவே வயிறு எரிகிறது ஐயா. நீலம் பாய்ந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி சூட்டைக் கண்டுவிட்டது. அங்கே எஃகின் பதம் போய்விட்டது. அந்தப் பகுதி தேய்ந்து தீரும்வரை கூர் தங்காது. அதற்காக ஒரே நாளில் தேய்த்துத் தள்ளாதீர்கள், ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும்.

1000 கிரிட் நீர்க்கல் ஒன்று போதும் (கிரிட் என்பது கல்லின் நயத்தைக் காட்டும் எண், கூடக் கூட நயம்). கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பல் விழுந்திருந்தால் மட்டும் 400 வாங்குங்கள். உங்கள் வேலைக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி. 15 வைத்தால் பழம் அழகாக நறுக்கும், சாக்குக் கயிற்றில் வாய் மடங்கிவிடும்.

கோணமானி வேண்டாம். அலகின் அகலத்தை அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்குங்கள். 20 டிகிரிக்கு மிக அருகில் வந்துவிடும். 18 மி.மீ. அகலம் என்றால் 6 மி.மீ. நான்கில் ஒரு பங்கு தூக்கினால் ஏறக்குறைய 15.

முப்பது வருடமாக உளி தீட்டுகிறேன். பழக வருகிற பிள்ளைகள் எல்லோரும் அவசரப்படுவது ஒரே இடத்தில்தான். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வெளியே இழுத்தால் தோலில் மாட்டும். அடியிலிருந்து நுனிவரை அது மாட்டும்வரை பக்கம் மாற்றாதீர்கள். பிறகு இரு பக்கமும் மாறி மாறி, கை எடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி பத்து இழுப்பு.

தொடங்குமுன் அலகு மடங்காதபடி பிடியின் கழுத்து வளையத்தைத் திருகிப் பூட்டிவிடுங்கள். மரப்பிடியில் தண்ணீர் இறங்கினால் உப்பி, அலகு திறக்க அடம்பிடிக்கும்.

கடலோரம்:
மார்க்கர் பேனாவால் வாய்ச்சரிவு முழுவதும் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மேல்விளிம்பில் மட்டும் மை அழிந்தால் கத்தியை அதிகம் படுக்க வைத்திருக்கிறீர்கள். வாயோரம் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். என் விக்டோரினாக்ஸை நான் 15இல்தான் தீட்டுகிறேன், ஆனால் அது பெரும்பாலும் பழமும் தபால் உறையும் வெட்டுகிற கத்தி.

தச்சுப்பட்டறை:
மை பூசுவது நல்ல யோசனை. முதல் நாள் கட்டாயம் செய்யுங்கள்.

மாந்தோப்பு:
கல் வாங்கினேன். முதல் பக்கம் பிசிர் வரவே இருபது நிமிடம் ஆயிற்று, நுனி வளைவில் மை அழியாமல் நின்றதால் அங்கே பிடியைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். செய்தித்தாளை இப்போது சத்தமில்லாமல் அறுக்கிறது. நீலம் பாய்ந்த அரை அங்குலம் மட்டும் தாளில் மாட்டிக் கிழிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கல்லில் வைக்கிறேன்.