14 பவுண்டு வான்கோழி, வியாழன் மதியம் விருந்து: எந்த முறையில் சமைப்பது?

டல்லாஸ்வாசி (செவ்வாய் இரவு):
வணக்கம். இந்த வருஷ தேங்க்ஸ்கிவிங் விருந்து எங்கள் வீட்டில். பன்னிரண்டு பேர், வியாழன் மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாடு. கணவரின் ஆபீஸில் நேற்று சாயங்காலம் 14 பவுண்டு வான்கோழி ஒன்று கொடுத்தார்கள். உடனே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். இன்னும் கல் மாதிரிதான் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஃப்ரையர் வாங்கி பால்கனியிலேயே பொரித்துவிடலாம் என்கிறார் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவி, வயிற்றுக்குள் பிரியாணிச் சோறு திணித்து முழுசாக ஓவனில் வைக்கச் சொல்கிறார். நான் இங்கே சாப்பிட்ட வான்கோழி எல்லாமே நெஞ்சுக்கறி சக்கை, தொடையில் எலும்போரம் சிவப்பு. இரண்டும் ஒழுங்காக வேக வழி உண்டா?

கரண்டிக்காரி:
முதலில் ஐஸ் கதையை முடிப்போம். ஃப்ரிட்ஜில் 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 14 பவுண்டுக்கு மூன்று நாள் வேண்டும், உங்களுக்கு இருப்பது இரண்டரை. மீதியைத் தண்ணீரில் முடிக்கலாம். வியாழன் காலை ஆறு மணிக்கு, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சிங்க்கில் குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முழுக்க உறைந்ததற்கே பவுண்டுக்கு அரை மணிதான், உங்களுடையது இரண்டு மணி நேரத்துக்குள் இளகிவிடும். வெந்நீர் வேண்டாம், சமையல் மேடையில் ராத்திரி முழுக்க வைப்பதும் வேண்டாம். புதன்கிழமையே தண்ணீரில் போட்டுவிடலாமே என்று தோன்றும். தண்ணீரில் இளக்கியதை உடனே சமைக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை.

ஹூஸ்டன் பெரியப்பா:
பால்கனியில் பொரிப்பதா? உங்கள் கணவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லம்மா, கூடவே கூடாது. நான் வருஷா வருஷம் பொரிக்கிறவன். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்தவெளியில், சமதரையில்தான் அடுப்பு வைப்பேன். எண்ணெய் 350 டிகிரி ஃபாரன்ஹீட், பவுண்டுக்கு மூன்றிலிருந்து நான்கு நிமிடம். ருசிக்குக் குறையே இல்லை. ஆனால் உள்ளே கொஞ்சம் ஐஸ் மிச்சமிருந்தாலும் அது நொடியில் ஆவியாகி எண்ணெயைப் பொங்க வைக்கும். பொங்கிய எண்ணெய் கீழே பர்னர் நெருப்பில் விழும். அரைகுறையாக இளகிய கோழி, அதுவும் அபார்ட்மென்ட்! இந்த வருஷம் விட்டுவிடுங்கள்.

சென்னைச் சமையல்:
குக்கரில் நாலு விசில் விட்டால் வேலை முடிந்ததே?

கரண்டிக்காரி:
காலை மட்டும் வெட்டிப் போட்டால் குக்கர் நன்றாகவே வேலை செய்யும். நெஞ்சுக்கறியைப் போட்டால் நார் நாராகிவிடும்.

டல்லாஸ்வாசி, உங்கள் சிக்கலே அதுதான். நெஞ்சு 165 டிகிரியைத் தாண்டினால் காயத் தொடங்கும். தொடை 165-இல் சாப்பிடலாம் என்றாலும், 175 போனால்தான் மெத்தென்று ஆகும். முழுசாக ஓவனில் வைத்தால் நெஞ்சுக்கு நேராகச் சூடு படுகிறது, தொடை இடுக்கில் ஒளிந்துகொள்கிறது. உள்ளே சோற்றையும் திணித்தால், அந்தச் சோறும் 165 ஆக வேண்டும். அதற்குள் நெஞ்சுக்கறி போய்விடும். அத்தையிடம் சோற்றைத் தனியாக ஒரு தட்டில் செய்யச் சொல்லுங்கள்.

நான் சொல்வது: முதுகெலும்பை எடுத்துவிட்டு விரித்து வையுங்கள். உள்ளே கழுத்தும் ஈரலும் அடைத்த பொட்டலம் இருக்கும், முதலில் அதை எடுங்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நல்ல எலும்புக் கத்தரியால் வெட்டுங்கள், வாலிலிருந்து தொடங்கினால் சுலபம். திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பு 'டக்' என்று முறியும்வரை இரண்டு கையாலும் அழுத்துங்கள். இப்போது கால்கள் வெளிப்பக்கம் விரிந்து சூட்டை முதலில் வாங்கும், நெஞ்சும் தொடையும் ஏறக்குறைய ஒன்றாக வெந்துவிடும். 425 டிகிரியில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம். முழுசாக 325-இல் வைத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ட்ரேயில் வெங்காயம், கேரட் பரப்பி, ஒரு கப் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒழுகும் கொழுப்பு கருகி, ஸ்மோக் அலாரம் உங்கள் விருந்தாளிகளை வரவேற்கும்.

நியூஜெர்சி அக்கா:
எங்கள் வீட்டில் முழுசாக, 325-இல், நெஞ்சின் மேல் ஃபாயில் மூடித்தான் செய்வோம். நன்றாகவே வரும். மேஜை நடுவில் முழுக்கோழி இருந்தால்தான் குழந்தைகளுக்கு சந்தோஷம். ஆனால் ஒன்று: வெந்துவிட்டதைக் காட்டுவதற்காக நெஞ்சில் குத்தியிருக்கும் பிளாஸ்டிக் பொத்தான் மேலே எழும்பிவிட்டது என்று நம்பிக் கோழியை வெளியே எடுத்துவிடாதீர்கள். நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உட்பக்கத்திலும் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள்.

டல்லாஸ்வாசி (புதன் காலை):
விரித்தே வைக்கிறேன். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை. அத்தை கழுவியே ஆக வேண்டும் என்கிறார். உப்பு எவ்வளவு? மேலே மசாலா தடவலாமா? லேபிளில் 8 சதவீத உப்புக் கரைசல் என்று போட்டிருக்கிறது.

கரண்டிக்காரி:
அப்படியென்றால் அதில் ஏற்கனவே உப்பு ஏற்றியாயிற்று. உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் வேலையை விட்டுவிடுங்கள், மசாலாவிலும் கை அடங்கட்டும். கழுவினால் கிருமி போகாது, சிங்க்கிலும் மேடையிலும் சாலட்டிலும் தெறிக்கும். பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள். ஈரம் போனால்தான் தோல் மொறுமொறுப்பாகும்.

மஞ்சளை விட அத்தைக்கு மனம் வராது, அதனால் அதை உள்ளே அனுப்புங்கள். வெண்ணெயில் மஞ்சள், மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது குழைத்து, தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டு நெஞ்சு முழுக்கத் தடவுங்கள். 425 டிகிரியில் மிளகாய்த்தூளும் பூண்டும் வெளியே இருந்தால் கருகிக் கசக்கும். மேல் தோலுக்கு எண்ணெயும் மிளகும் போதும். பதினொன்றரைக்கு உள்ளே வைத்தால் ஒரு மணிக்கு வெளியே, அரை மணி ஆறவிட்டு வெட்டுங்கள்.

டல்லாஸ்வாசி:
மிகவும் நன்றி அக்கா. மிஞ்சினால் மறுநாள் பிரியாணி செய்யலாமா?

ஹூஸ்டன் பெரியப்பா:
தாராளமாக. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு, மூன்று நான்கு நாள் தாங்கும். வெந்த கறியை மசாலாவோடு கொதிக்க விடாதே. பிய்த்து வைத்து, தம் போடும்போது அடுக்கில் சேர். முதுகெலும்பையும் கழுத்தையும் தூக்கிப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரில் அரிசியைப் போடு.