எஸ்ஏபி ஈசிசி 6.0-லிருந்து எஸ்/4ஹானா: அப்படியே மாற்றுவதா, புதிதாகக் கட்டுவதா? உதவி வேண்டும்

கேள்வி (கோவை, பம்பு கம்பெனி ஐ.டி.)

வணக்கம். மோட்டார் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் ஐ.டி. பார்க்கிறேன். 2009-இல் போட்ட எஸ்ஏபி ஈசிசி 6.0 (கணக்கு, ஸ்டாக், பில் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) இன்றும் ஓடுகிறது, என்ஹான்ஸ்மென்ட் பேக் (மேம்பாட்டுத் தொகுப்பு) 7. 2027 டிசம்பரோடு வழக்கமான பராமரிப்பு முடிகிறது என்பதால் அதன் அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானாவுக்குப் போக நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது. எந்த வழியில் போவது என்பதில்தான் இழுபறி.

மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் பிரவுன்ஃபீல்டு, அதாவது இருக்கும் சிஸ்டத்தை டேட்டாவோடு அப்படியே மாற்றலாம் என்கிறார். இன்னொருவர் கிரீன்ஃபீல்டு: எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்து, மாஸ்டரையும் (பொருள், வெண்டர், கஸ்டமர் அடிப்படை விவரம்) நிலுவையையும் மட்டும் ஏற்றுவது. மூன்றாமவர் வேண்டிய ஆண்டுகளின் டேட்டாவை மட்டும் எடுத்துப்போகும் செலக்டிவ் முறையைச் சொல்கிறார்.

எங்களுக்கு 220 யூசர், ஒரே கம்பெனி கோடு (தனிக் கணக்கு வைக்கும் நிறுவனம்), மூன்று பிளான்ட். இசட் புரோகிராம் (எங்களுக்கென்று தனியாக எழுதியவை) 1,100-க்கு மேல். வார்ப்பும் மெஷினிங்கும் பெரும்பாலும் ஜாப் ஒர்க் (பொருளை வெளியே கொடுத்துச் செய்து வாங்குவது). ஏப்ரல் 1-ஆம் தேதி புது சிஸ்டத்தில் பில் போட வேண்டும் என்பது எம்.டி.யின் விருப்பம். எதைப் பிடித்து முடிவு செய்வது?

பதில் (சென்னை, எஃப்ஐ கன்சல்டன்ட்)

சார், செலக்டிவை முதலில் தள்ளிவிடலாம். பல சிஸ்டங்களை ஒன்றாக்குபவர்களுக்கும், கம்பெனியைப் பிரித்து விற்பவர்களுக்கும் உரிய வழி அது. ஒரே கம்பெனி கோடு வைத்திருக்கும் உங்களுக்கு அந்தச் செலவு எதற்கு?

மீதி இரண்டுக்கும் நடுவில் முடிவு செய்ய ஒரு கேள்வி போதும். இன்றைய பிளான்ட் அமைப்பு, காஸ்டிங், ஆர்டர் முதல் பில் வரையான ஓட்டம், இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவருகிறதா? ஒத்துவருகிறது என்றால் பிரவுன்ஃபீல்டு. அடிப்படையே தவறு, மாதாமாதம் எக்செலில் சரிக்கட்டுகிறோம் என்றால் கிரீன்ஃபீல்டு. ஐ.டி. அறையில் உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்லாதீர்கள். ஸ்டோர்ஸிலும் டிஸ்பாட்சிலும் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

1,100 என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். புரொடக்ஷனில் (தினசரி வேலை நடக்கும் சிஸ்டத்தில்) இன்றே எஸ்சிமான் என்ற கண்காணிப்பு டூலைப் போடுங்கள். எந்த இசட் புரோகிராம் உண்மையில் ஓடுகிறது என்று அது பதிவு செய்யும். ஆனால் ஒரு மாதப் பதிவை நம்பி எதையும் அழித்துவிடாதீர்கள். வருடக் கணக்கு மூடும்போது ஒரே ஒரு முறை ஓடும் புரோகிராம் அதில் வராது. இன்னொன்று, எம்எஸ்இஜி, பிஎஸ்ஐஎஸ் போன்ற பழைய டேபிள்களை வெறுமனே படிக்கும் ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் அப்படியே ஓடும். அந்தப் பெயரில் வியூ (புது டேபிளிலிருந்து படித்துக் காட்டுவது) இருக்கிறது. நேரடியாக எழுதும் புரோகிராம்தான் உடையும், அதை ஏடிசி (எஸ்ஏபியின் புரோகிராம் சோதனை டூல்) காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் ஓபிபிஜி என்ற செட்டிங் திரையைத் திறந்து, இந்தியாவுக்கு நேரே என்ன டாக்ஸ் புரொசீஜர் (வரி கணக்கிடும் முறை) இருக்கிறது என்று பாருங்கள். டாக்ஸ்இன்ஜே என்றிருந்தால் அது எஸ்/4ஹானாவில் செல்லாது, டாக்ஸ்இன்என்-க்கு மாற வேண்டும். வாங்கிய மூன்று கொட்டேஷனிலும் இந்த வேலை சேர்ந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பதில் (ஓசூர், ஆட்டோ பாகங்கள்)

நாங்கள் பிரவுன்ஃபீல்டுதான் போனோம். நாளைத் தின்றது பிசினஸ் பார்ட்னர் வேலை. எஸ்/4ஹானாவில் வெண்டர், கஸ்டமர் என்று தனித்தனி மாஸ்டர் கிடையாது, இரண்டும் ஒரே பார்ட்னர். இந்த மாற்றத்தை ஈசிசியிலேயே முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். எங்களிடம் மெஷினிங் செய்து தரும் ஒருவரே ஸ்கிராப்பும் வாங்குவார். வெண்டராக இரண்டு கோடு, கஸ்டமராக ஒன்று, மூன்றிலும் ஒரே ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்). எது நிஜம் என்று பர்ச்சேஸும் அக்கவுன்ட்ஸும் சேர்ந்து உட்கார்ந்துதான் தீர்த்தார்கள். ஈமெயில் கட்டத்தில் போன் நம்பர், பின்கோடு இல்லாத முகவரி என்று முதல் ஓட்டத்தில் நின்றவை மட்டும் நூற்றுக்கணக்கில். வழி எதுவானாலும் இந்தச் சுத்தம் தேவைப்படும். இப்போதே ஆரம்பியுங்கள் சார்.

பதில் (ஈரோடு, ஜவுளி)

தம்பி, நாங்கள் கிரீன்ஃபீல்டு போனவர்கள். இரண்டு யூனிட்டில் இரண்டு விதமான கணக்கு இருந்தது, எங்களுக்கு வேறு வழியில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் ஜாப் ஒர்க் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

மாறிய நாளில் எங்கள் நூல் பாதிக்கு மேல் வெளியே சாயப்பட்டறைகளில் கிடந்தது. அளவை மட்டும் ஓப்பனிங் ஸ்டாக்காக ஏற்றினோம். எல்லாச் சரக்குக்கும் மாறிய நாளே தேதி ஆகிவிட்டது. ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. எங்களுக்குத் தேவை பழைய செலான் தேதி. பில் புத்தகங்களைத் தரையில் பரப்பி வைத்து, இரண்டு பிள்ளைகள் செலான் செலானாக எக்செலில் ஏற்றினார்கள். அந்தத் தவறு எங்களுடையது, முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

பழைய சிஸ்டத்தை அணைக்கவும் முடியாது. கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். அந்த சர்வருக்கும் பராமரிப்புக்கும் ஆகும் பணத்தை கிரீன்ஃபீல்டு கொட்டேஷனோடு கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கேட்டவர் (கோவை)

சென்னை மேடம், ஈரோடு அண்ணா, ஓசூர் சார், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஓபிபிஜி பார்த்தேன், டாக்ஸ்இன்ஜேதான். கொட்டேஷன் ஒன்றிலும் அந்தப் பேச்சே இல்லை. டிஸ்பாட்சிலும் மூன்று நாள் உட்கார்ந்தேன். ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தேவையில்லாத ஆர்டர் டைப்புகள்தான் ஏராளம். பிரவுன்ஃபீல்டு என்று மனதில் படுகிறது. ஆனால் ஏப்ரல் 1?

பதில் (சென்னை, எஃப்ஐ கன்சல்டன்ட்)

ஏப்ரல் 1 வேண்டாம் சார். ஓப்பனிங் பேலன்ஸ் ஏற்றும் கிரீன்ஃபீல்டுக்கு அந்தத் தேதி வசதி. பிரவுன்ஃபீல்டில் வருடத்தின் நடுவிலும் மாறலாம். முந்தைய நிதியாண்டை அசெட் (நிலையான சொத்து) கணக்கில் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கோடையில்தானே உங்களுக்குப் பம்பு விற்பனை? அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999 ஜூலையில் எஸ்ஏபி உட்பட மூன்று மென்பொருளை ஒன்றாக இறக்கியது. ஹாலோவீன் ஆர்டர் குவியும் நேரம். கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. சீசன் வாசலில் நிற்கும்போது சிஸ்டத்தைக் கழற்றக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செப்டம்பருக்குள் ஆடிட் முடிந்துவிடும், வருடமும் மூடியிருக்கும். தீபாவளிக்கு ஃபவுண்டரி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், டிஸ்பாட்சும் நிற்கும். அந்த லீவில் மாறுங்கள். சிஸ்டம் நிற்கும் நேரத்தில் இ-இன்வாய்ஸும் எடுக்க முடியாது என்பதால், சரக்கு நகராத நாட்கள்தான் தோது. அதற்கு முன் புரொடக்ஷன் காப்பியில் குறைந்தது இரண்டு முறை முழு ஒத்திகை பாருங்கள். எத்தனை மணி நேரம் சிஸ்டம் நிற்கும் என்பது அதில்தான் தெரியும். லீவுக்குள் அடங்காவிட்டால், பழைய டேட்டாவை ஆர்க்கைவ் செய்து டேட்டாபேஸைச் சிறிதாக்குங்கள்.

கேட்டவர் (கோவை)

தீபாவளிக்கு எம்.டி. சம்மதித்துவிட்டார். எஸ்சிமான் போட்டாயிற்று. காப்பி எடுக்க சர்வரும் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: டாக்ஸ்இன்என்-க்கு ஈசிசியிலேயே மாறிவிட்டுப் போவதா, மாறும்போது சேர்த்துச் செய்வதா?

பதில் (சென்னை, எஃப்ஐ கன்சல்டன்ட்)

ஈசிசியிலேயே முடித்துவிடுங்கள். திறந்திருக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்களையும் கண்டிஷன் ரெக்கார்டுகளையும் (விலை, வரி விகிதப் பதிவுகள்) மாற்ற வேண்டியிருக்கும். பழகிய சிஸ்டத்தில் இரண்டு மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் சரியாகப் போன பிறகு கிளம்பினால், அங்கே வரி தப்பாக வந்தாலும் எங்கே தேடுவது என்று உங்களுக்குத் தெரியும்.