நியூ ஆர்லியன்ஸில் வெளியே சாப்பிட்ட ஒரு வேளை: இன்னும் மனத்தை விட்டுப் போகாதது எது?

தாமிரபரணி

நியூ ஆர்லியன்ஸில் திங்கட்கிழமைதோறும் சமைக்கும் சிவப்பு பீன்ஸ் சோற்றைப் பற்றி இந்தக் குழுவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். போன அக்டோபரில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அவருக்கு 68 வயது; முட்டை சேர்த்த கேக்கைக்கூட இதுவரை வாயில் வைத்ததில்லை. மூன்று வாரம் வீட்டிலேயே பொங்கிச் சாப்பிட்ட பிறகு, "இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்க்காமலா போவது" என்று அவரே கேட்டதால், செயின்ட் சார்லஸ் டிராம் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி, உள்ளூர்க்காரர்கள் மதியம் வரிசையில் நிற்கும் ஒரு சிறிய கடைக்கு அழைத்துச் சென்றேன். உட்கார்ந்தவுடன் பரிமாறும் பெண்ணிடம் பீன்ஸில் இறைச்சி இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். சாசேஜைத் தட்டின் ஓரத்தில் தனியாகத்தான் வைப்போம், வேண்டாமென்றால் வைக்க மாட்டோம், பீன்ஸில் ஒன்றும் இல்லை என்று அவர் உறுதியாகவே சொன்னார்.

அம்மா அன்றைக்குச் சாப்பிட்டதைப் போல அமெரிக்கா வந்த பிறகு எங்கும் சாப்பிட்டதில்லை. நம் வீட்டுத் தட்டப்பயறுக் குழம்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சோற்றைக் குழைத்துப் பிசைந்து, மெதுவாக ருசித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் அடியை எட்டியபோது கரண்டியில் பழுப்பு நிறத்தில், விரல் நகம் அகலத்துக்கு, நார் நாராக ஒரு துண்டு வந்தது. பன்றிக்கால் எலும்பிலிருந்து வெந்து உதிர்ந்த சதை என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அம்மா அதை ஒரு கணம் பார்த்தார். கறிவேப்பிலையை ஒதுக்குவதைப் போலத் தட்டின் விளிம்பில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். நான் தடுத்திருக்க வேண்டும். என் நாக்கு எழவில்லை.

காரில் ஏறியதும், "அது என்னம்மா, பட்டையா?" என்று கேட்டார். ஏதோ மசாலாதான் அம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் ஊருக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

காவிரிக்கரை

உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன், அக்கா. என்னுடையது அவ்வளவு பாரமான நினைவு அல்ல, ஆனால் அதுவும் பெற்றவர் ஒருவரைப் பற்றியதுதான்.

அப்பா கும்பகோணத்துக்காரர். அமெரிக்காவில் எங்கே காபி குடித்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார். பிரெஞ்சு மார்க்கெட்டில் 1862 முதல் நடந்துவரும் கஃபே டு மோண்ட் என்ற காபிக் கடையில், சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் பாதிக்குப் பாதி சூடான பால் ஊற்றித் தருவார்கள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பென்யே என்ற பொரித்த மாவுப் பலகாரத்தின் மேல் மலைபோல் குவிந்திருந்த சர்க்கரைத் தூளை அவர் கவனிக்கவே இல்லை. ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், இதில் எவ்வளவு சிக்கரி போடுகிறார்கள் என்று கேட்டார். பிறகு பழக்கத்தில் கை தானாக டவராவைத் தேடியது. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைக் காலி செய்து, அதில் காபியை ஊற்றி ஆற்றப் பார்த்தார். அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த வயதான பணியாளர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய் இன்னொரு காலிக் கோப்பையைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார். அப்பா ஆற்றி முடிக்கும்வரை அவர் நின்று பார்த்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. அந்த மனிதரைப் பார்த்துக் கும்பிட்டார். அவரும் கையைக் கூப்பினார்.

சமையலறைச் சாளரம்

தாமிரபரணி அவர்களுக்கு. உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் அந்தப் பரிமாறிய பெண் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரில் இரண்டு உணவகங்களின் சமையலறையில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கேட்ட கேள்விதான் தவறு. தட்டில் துண்டாகத் தெரிவதைத்தான் அங்கே இறைச்சி என்பார்கள். பானையின் அடியில் கிடக்கும் எலும்பு, ஊறவைத்த பன்றிக்கறி, கொழுப்பு எல்லாம் அவர்கள் கணக்கில் சுவைக்காகச் சேர்ப்பவை. நம் வீட்டில் பெருங்காயத்தைப் பண்டமாகக் கருதாமல் வாசனையாகக் கருதுவதைப் போல. அந்தச் சோறு திங்கட்கிழமைக்கு உரியதாக ஆனதே அப்படித்தான்: ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித் தொடை எலும்பைப் போட்டுப் பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது தானாக வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் பெண்கள் துணி துவைத்தார்கள். எலும்பு இல்லாமல் அதை வைப்பது அவர்களுக்கு உப்பில்லாமல் வைப்பது போன்றது.

ஆகையால் கேட்க வேண்டியது, "இந்தப் பானையில் எலும்பு, கொழுப்பு, இறைச்சிச் சாறு இவற்றில் எதையாவது சேர்த்தீர்களா, சமைத்தவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா" என்பதுதான். கடைசிப் பகுதி மிக முக்கியம். பரிமாறுகிறவர் காலையில் அடுப்படியில் இருந்திருக்க மாட்டார். நான் வேலை பார்த்த இடத்தில் வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டு அனுப்புவார்; தலைமைச் சமையல்கார அம்மாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தாமே மேசைக்கு வந்து, இதைச் சாப்பிடாதீர்கள், உங்களுக்கு வேறொன்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்.

இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கம்போ என்பது அந்த ஊர்க் கெட்டிக் குழம்பு; அந்தப் பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதைக் கேட்டுவிட்டு நம்மவர்கள் வெண்டைக்காய்க் குழம்பு என்று நம்பிவிடுகிறார்கள். மாவை எண்ணெயிலோ கொழுப்பிலோ சிவக்கச் சிவக்க வறுத்து, அதன்மேல் கோழிச் சாறோ இறால் சாறோ ஊற்றித்தான் அதை வைப்பார்கள். பலவகைக் கீரை போட்டுச் செய்யும் பச்சைக் கம்போ ஒன்று உண்டு. லியா சேஸ் அம்மையார் டூக்கி சேஸ் உணவகத்தில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வியாழன்தோறும் சமைத்துப் புகழ் பெற்றது அதுதான். பெயரில் கீரை இருந்தாலும் அவருடைய பானையில் இறைச்சியும் இருந்தது. அது கத்தோலிக்கர் நிறைந்த ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கடைகளில் "இறைச்சி இல்லை" என்று எழுதிப் போட்டிருந்தால் மீனும் இறாலும் உண்டு என்றுதான் பொருள். உருளைக்கிழங்கு வறுவலுக்குக்கூட, இறால் பொரித்த அதே எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பெற்றோரை அழைத்துப் போவதற்கு நான் சொல்லும் இடம் நகரத்தின் கிழக்குப் பகுதி. 1975-க்குப் பிறகு வந்து குடியேறிய வியட்நாமியக் குடும்பங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. அவர்களில் பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நம்மைப் போலவே சைவம் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் மொழியில் அதற்கு "சாய்" என்று பெயர். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் எலும்பு, சாறு, மீன் சாஸ் எதுவும் கூடாது என்பது விளக்காமலே விளங்கும். இருந்தாலும் மீன் சாஸைப் பற்றி ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடல்காற்று

சமையலறைச் சாளரம் அவர்கள் சொன்ன தகவல்கள் எல்லாம் பயனுள்ளவை, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி தவறு என்று அந்த அக்காவிடம் சொல்வது நியாயமாகப் படவில்லை. வயதான தாயுடன் வந்து, இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்ற பதிலைப் பெற்ற ஒருவர் இதற்கு மேல் என்ன கேட்டிருக்க வேண்டும்? தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டியது பரிமாறுகிறவரின் கடமை. சாப்பிட வந்தவர் அந்த ஊர்ச் சமையலின் வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் வாசல்படி ஏற வேண்டும் என்றால், புதிதாக வருகிற ஒருவர் எங்கேதான் சாப்பிடுவது?

இனி என் கதை. நான் தூத்துக்குடிக்காரன், எனக்குச் சைவக் கட்டுப்பாடு கிடையாது. ஏப்ரல் மாதம், கிராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையின் காலம் உச்சத்தில் இருந்தது. மேசை நாற்காலி இல்லாத, எடை போட்டுக் காகிதப் பையில் கட்டித் தரும் கடல் உணவுக் கடை ஒன்றில் மூன்று பவுண்டு கேட்டேன். முதியவர் ஒருவர் கொதிபானையிலிருந்து அள்ளித் தராசில் வைத்தார். மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் கலந்த ஆவி கண்ணைக் கரித்தது. முள் மூன்றில் நின்றது. அவர் பையின் வாயைச் சுருட்டப் போனவர், மறுபடி திறந்து, இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். அதன்மேல் ஒரு சோளக் கதிர்த் துண்டும் இரண்டு உருளைக்கிழங்கும் போட்டார். இந்த நாட்டில் எதற்கும் டிப்ஸ் வைத்துப் பழகிய கை, ஐந்து டாலர் தாளை எடுத்து நீட்டிவிட்டது. அவர் அந்தத் தாளைப் பார்த்தார். முகம் வாடியது. இரண்டு விரலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "லான்யாப்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். தென் அமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானியர் வாயில் புகுந்து, லூசியானாவில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலோடு தங்கிவிட்ட சொல் அது. வாங்குகிறவருக்கு விற்கிறவர் மனமுவந்து கூடுதலாகக் கொடுப்பது. நம் கொசுறுதான், வேறொன்றும் இல்லை. எங்கள் ஊர் மீன் சந்தையில் ஆச்சி அளந்து முடித்த பிறகு ஒரு கை நெத்திலியை அள்ளிப் பையில் போடும்போது யாராவது அதற்குக் காசு நீட்டுவார்களா? கொசுறு தெரிந்த ஊரிலிருந்து போய், கொசுறு கொடுத்தவருக்கு விலை கொடுக்கப் பார்த்தேன். அடுத்த வாரமே அந்தக் கடைக்குப் போனேன். அவர் அன்றைக்கு இல்லை.

புதுவரவு

நான் மாணவி, அந்த ஊருக்குப் போய் ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. கையில் காசு குறைவாக இருந்த ஒரு நாள், நீள ரொட்டிக்குள் கறியோ வறுவலோ வைத்துத் தரும் போ-பாய் கடை வரிசையில் நின்றபடி, இருப்பதிலேயே விலை குறைந்தது எது என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். உருளைக்கிழங்கு வறுவல் வைத்தது என்றார் அவர். 1929-ல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு தாங்களே டிராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாக ரொட்டி கொடுத்த கதையையும், 'ஏழைப் பையன்' என்று பொருள்படும் போ-பாய் என்ற பெயர் அதிலிருந்து வந்ததாக ஊரில் சொல்லிக்கொள்வதையும் வரிசை நகர நகரச் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே ஊற்றும் குழம்பு மாட்டிறைச்சிக் குழம்பு என்று எனக்கு முன்னாலேயே எச்சரித்து, அது இல்லாமல் கேட்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான் காசு கொடுக்கும் இடத்துக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே என் ரொட்டிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்ல வெளியே ஓடினேன், தெருவில் அவரைக் காணவில்லை.

சமையலறைச் சாளரம்

கடல்காற்று அவர்கள் சொன்னது சரிதான். உள்ளே போய்க் கேட்டு வர வேண்டியது எங்கள் பக்கத்துக் கடமை. அதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தாமிரபரணி அவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு செய்தி மட்டும் சேர்க்கிறேன்: அந்தப் பானையில் பிரிஞ்சி இலையும் உண்மையாகவே போடுவார்கள்.

தாமிரபரணி

மன்னிப்பு எதற்கு, நீங்கள் எழுதிய கேள்வியை அப்படியே கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டேன். "சாய்" என்ற சொல்லையும்தான். ஜனவரியில் அம்மா மறுபடி வருகிறார்; அந்தப் பகுதிக்கு அழைத்துப் போவேன்.

ஆனால் விஷயம் அதற்கு முன்பாகவே வந்து நிற்கிறது. நேற்றுத் தொலைபேசியில், அந்தச் சிவப்பு பீன்ஸை ஊரில் செய்து பார்க்கப் போகிறேன், பக்குவத்தை எழுதி அனுப்பு என்று கேட்டார். வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் வதக்க வேண்டும், இரவே ஊறவைத்த பீன்ஸைச் சேர்த்து அடியில் பிடிக்காமல் மணிக்கணக்கில் வேக விட வேண்டும், நன்றாக வெந்ததும் அகப்பையின் முதுகால் கொஞ்சத்தை மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். கடைசியில், "அந்தப் பட்டைக்கு என்ன பேர்னு கேட்டுச் சொல்லும்மா, அதுலதான் அந்த ருசி இருக்கு" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுவோம்.